ஏட்டுச் சுரைக்காயும் ஓர் உடும்பும்

(மதுரையில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத் தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னை நெளிய வைத்த கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே (உங்கள் கோர்ட்டில் வாய்தா கேட்டு நின்ற காலத்தில் நீங்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை, இன்று பொன்னாடை போர்த்துகிறீர்கள்), மேலூர் பக்கத்திலிருந்து வண்டி பிடித்து வந்திருக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர்களே, வழக்கறிஞர் சங்கத்து அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விடுபட்ட பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் வழக்கமாகக் கோபித்துக்கொள்வார்கள்.

கானுயிர்ச் சட்டமும் வக்கீல் வாழ்க்கையும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். இந்தத் துறைக்கு நான் வந்த கதை, சட்டத்தைத் தமிழில் எழுதுவது, அப்புறம் ஊராட்சிக் குழு.

முதலாவது சின்ன விஷயம். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை என்று சிவில் வழக்குகளில் ஓடிக்கொண்டிருந்தவன் நான். 1996-இல் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றைக் கெடுத்தவன் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் தர வேண்டும், கெட்டதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். பெரிய கேடு வரும் என்று தெரிந்தால், விஞ்ஞானம் முழுசாக நிரூபிக்கட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருக்கவும் கூடாது. எப்பேர்ப்பட்ட தீர்ப்பு! ஆனால் ஆற்றங்கரை விவசாயி அதை எங்கே போய்ப் படிப்பார்? எங்கள் அம்மாச்சி அடிக்கடி சொல்வாள், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தைப் பற்றி விரிவாகப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன்னால் உடும்புக் கதை. சங்கத்து நண்பர்கள் பல தடவை கேட்டதுதான், இன்னொரு தடவை கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

நம்ம பக்கத்தில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட். கண்மாய்க்கரையில் உடும்பு பிடித்ததாக ஒரு பெரியவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவருக்கு நான் வக்காலத்து. காட்டைக் காப்பாற்று என்று எழுதுகிறவன் உடும்பு பிடித்தவருக்கு ஆஜராகலாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆகலாம், கட்டாயம் ஆகலாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணை உயிர். புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம், கூடினால் 7. பெரியவருக்கு இது ஒன்றும் தெரியாது. மூட்டுவலிக்கு நல்லதென்று யாரோ கேட்டார்களாம், பிடித்தாராம்.

வனக்காவலர் உடும்பைச் சாக்கில் கட்டி வழக்குச் சொத்தாகக் கொண்டுவந்திருந்தார். பெஞ்ச் கிளார்க் “சொத்தைக் காட்டுங்க” என்றார். காட்டினார். அவ்வளவுதான்! சாக்கிலிருந்து பாய்ந்த உடும்பு மேஜைக்கடியில் புகுந்து, பழைய கட்டுகள் வைக்கும் பீரோவுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டது. டவாலி நாற்காலி மேல். கிளார்க் மேஜை மேல். அரசு வக்கீல் வாசலுக்கு வெளியே. மாஜிஸ்திரேட் மட்டும் இடத்தை விட்டு எழவில்லை, ஆனால் இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வனக்காவலர் வாலைப் பிடித்து இழுக்கிறார், இழுக்கிறார். உடும்புப் பிடி என்றால் சும்மாவா? பீரோ நகர்ந்தது, உடும்பு நகரவில்லை.

கடைசியில் கூண்டிலிருந்து பெரியவர் கையைத் தூக்கினார். “ஐயா, நான் வேணாப் பிடிச்சுத் தரட்டுமா?” கோர்ட்டே அமைதி. “ஆனா அதுக்கும் இன்னொரு கேசு போட்டுருவாகளோ?”

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். “கோர்ட் உத்தரவு, பிடிங்க” என்றார். பெரியவர் எல்லோரையும் விலகச் சொன்னார், ஃபேனை நிறுத்தச் சொன்னார். தரையில் ஒருக்களித்துப் படுத்து, சுவரில் பதிந்த நகங்களை ஒவ்வொன்றாக விலக்கி எடுத்தார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். “சினையா இருக்கு சாமி. கரையான் புத்துக்குள்ளதான் முட்டை வைக்கும். வெரசாக் கொண்டுபோய் விடச் சொல்லுங்க.”

இந்த மனிதரைக் கூண்டில் நிறுத்த நம் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. நாற்காலி போட்டு உட்காரவைக்கவும் ஒரு சட்டம் இருக்கிறது, அதுதான் யாருக்கும் தெரியவில்லை. 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டம், பிரிவு 41. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் என்ன மரம், என்ன பறவை, என்ன மூலிகை, யாருக்கு என்ன தெரியும் என்று ஊராரைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். நான் போய்ப் பார்த்த சில ஊர்களில் பதிவேடு இருக்கிறது, பூட்டிய பீரோவில். ஊர்க்காரர் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஏட்டுச் சுரைக்காய்!

சரி, ஏடே இல்லாவிட்டால்? நம்ம மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். மலையில் லகர் வல்லூறு, அடிவாரத்தில் தேவாங்கு, எறும்புத்தின்னி, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரை. 2022 நவம்பரில் அங்கே 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சரியாக இரண்டு வருஷம் கழித்து, அதையும் சேர்த்து 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை சனம் நடந்து வந்ததே, இந்த அரங்கில் பாதிப் பேர் அதில் நடந்தவர்கள். 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சொன்ன காரணங்களில் முக்கியமானது அந்தப் பல்லுயிர்த் தலம். கால்தான் ஜெயித்தது, ஆனால் காலுக்குப் பிடிமானம் அந்த ஏடு.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, எங்கள் ஊர்ப் பதிவேடு எங்கே என்று கேளுங்கள். இருந்தால் சபையில் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுதத் தீர்மானம் போடுங்கள். எழுதும்போது ஆடு மேய்க்கிறவர், கண்மாயில் மடை திறக்கும் நீர்பாய்ச்சி, நாட்டு மருந்து தெரிந்த அப்பத்தா, உடும்பு பிடித்தவர், எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

தமிழில் சட்டம் எழுதுவதைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் ஐயா இரண்டாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார், அது இன்னொரு கூட்டத்துக்கு. வாசலில் தீர்மானத்தின் மாதிரிப் படிவம் வைத்திருக்கிறோம். ஊர்ப் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது, நிரப்பிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒன்று எடுத்தால் போதும், மேலூர்க்காரர்களுக்கே பாதி தீர்ந்துவிடும் போலிருக்கிறது. நன்றி, வணக்கம்.