வெள்ளி விரதம், செவ்வாய் விரதம், பிறகு?

வணக்கம் நேயர்களே. உடம்பை நினைச்சுப் பிள்ளைகள் சாப்பாட்டோட மல்லுக்கட்டுற உண்ணல் கோளாறு எண்ட நோயைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப்போறம். ரியூசன் முடிஞ்சு டச்பே கடற்கரைப் பக்கம் நிக்கிற பிள்ளைகளப் பாருங்க, கையில போன், போனுக்குள்ள யாரோ ஒரு மெலிஞ்ச பிள்ளை தான் ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறன் எண்டு காட்டுது, அதைத் தள்ளாம கொஞ்சநேரம் பாத்தாலே காணும், பிறகு அதே மாதிரி வீடியோதான் வரிசையா வரும், ஏனெண்டா லைக் போட்டதை மட்டுமில்ல, எதில எவ்வளவு நேரம் நிண்டம் எண்டதையும் அந்த ஆப் கணக்கு வைக்குது. 2021இல பேஸ்புக் கம்பனியின்ர உள் ஆய்வே வெளிய கசிஞ்சதுதானே. தங்கட உடம்பை நினைச்சு மனம் குறுகியிருந்த பெண்பிள்ளைகள்ல 32 வீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கினது எண்டு சொல்லியிருக்காங்க.

அதுக்காக போன்லயே எல்லாப் பழியையும் போடவும் ஏலாது. கோயில் திருவிழாவில பெரியம்மா ஒராள் "என்ன பிள்ளை, நல்லா ஊதிட்டாய்" எண்டு சனத்துக்கு நடுவில கேப்பா, ஆறு மாசத்தால அதே பிள்ளை எலும்பும் தோலுமா வந்து நிண்டா "இப்பதான் வடிவு" எண்டும் அவதான் சொல்லுவா.

எங்கட ஊர்ல இந்த நோய் விரதத்துக்குப் பின்னால ஒளிச்சுக்கொள்ளும். முதல்ல வெள்ளி, பிறகு செவ்வாயும், பிறகு "எனக்குப் பசிக்கேல்ல". முஸ்லிம் வீடுகள்ல நோன்பு மாசம் முடிஞ்சும் நோன்பு தொடரும். பக்திப் பிள்ளை எண்டு வீட்டுக்காரருக்குப் பெருமை வேற! பிள்ளை புட்டை உதிர்த்துத் தட்டு முழுக்கப் பரப்பி வைக்குதா, சாப்பிட்ட கையோட பாத்ரூமுக்குப் போய் பைப்பைத் திறந்து விடுதா, திருகோணமலை வெயில்ல குளிருது எண்டு நீளக்கைச் சட்டை போடுதா, மாதவிடாய் நிண்டிட்டுதா, இதுகளக் கவனியுங்க. உடம்பு மெலியாமலும் இந்த நோய் இருக்கும், அடிக்கடி சத்தியெடுத்தா ரத்தத்தில பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே குழம்பும். ஆம்பிளப் பிள்ளைகளுக்கும் வரும், ஜிம், புரோட்டீன் பவுடர் எண்ட பேர்ல வந்தா ஒருத்தரும் சந்தேகப்படுறதில்ல.

போனைப் பறிச்சா ஒளிச்சுப் பாக்கும். பக்கத்தில இருந்து, அந்த வீடியோக்களுக்கு விருப்பமில்லை எண்டு ரெண்டு பேருமா அழுத்திக்கொண்டு வாங்க. பேய் பிடிச்சிருக்கு எண்டு நூல் கட்ட ஓடாம பெரியாஸ்பத்திரியில டொக்டரிட்டக் காட்டுங்க, நேர போக வெக்கமா இருந்தா 1926க்கு அடிங்க, தேசிய மனநல நிறுவனத்தின்ர நம்பர் அது, தமிழிலயும் கதைக்கலாம், இரவிலயும் எடுப்பாங்க.