கடல்நீர்: எங்கே எடுக்கிறோம், எங்கே விடுகிறோம்

நேயர்களுக்கு வணக்கம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைப் பற்றி ஊரார் கருத்து பெரும்பாலும் மழையைப் பார்த்து மாறும். வறட்சியில் "சீக்கிரம் கட்டுங்கள்" என்பார்கள். அணை நிரம்பியதும் "இந்தத் தண்டச் செலவு யாருக்காக?" என்பார்கள். சிட்னியில் 2010இல் ஓடத் தொடங்கிய ஆலையை, அணைகள் நிரம்பியதால் 2012இல் நிறுத்தினார்கள். அது மறுபடி ஓட 2019 ஆகிவிட்டது.

ஆனால் கடலோரத்தில் வாழ்பவர்களின் எதிர்ப்பு மழை பெய்தால் தீர்ந்துபோகிற எதிர்ப்பு இல்லை. அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சட்டென முத்திரை குத்திவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் பேச்சு வந்தாலே கலிபோர்னியா கதையைச் சொல்லாமல் நான் விட்டதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 மே மாதம், நல்ல வறட்சி. ஹண்டிங்டன் பீச்சில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 19 கோடி லிட்டர் தரும் ஆலைக்கு அனுமதி கேட்டார்கள். கடலோர ஆணையம் ஒருமனதாக மறுத்தது. சரி, இவர்களுக்கு ஆலை என்றாலே ஆகாது போல என்று தோன்றும். அதே ஆணையம், அதே ஆண்டு அக்டோபரில், டோஹேனி என்ற இடத்தில் வேறோர் ஆலைக்குச் சம்மதித்தது. அளவில் அது பத்தில் ஒரு பங்குதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பெரிய வித்தியாசம் தண்ணீர் எடுக்கும் விதத்தில் இருந்தது. முதல் ஆலை திறந்த கடலில் குழாய் வைத்து உறிஞ்சுவது. எவ்வளவு நெருக்கமான வலை போட்டாலும் மீன் முட்டையும் பொடிக்குஞ்சும் வலைக்கண் வழியே உள்ளே போய்விடும். போனது உயிரோடு திரும்பாது. டோஹேனியில் கடலடி மணலுக்குள் சாய்வாகக் கிணறு தோண்டுவதாகத் திட்டம். மணலே வடிகட்டிவிடும். இது எல்லாக் கரைக்கும் பொருந்தாது, மணல் வாகு வேண்டும்.

அப்புறம் மிஞ்சும் உப்புநீர். "கடல் எவ்வளவு பெரிசு, கரைந்துவிடாதா?" என்று கேட்பார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உறிஞ்சிய நீரில் பாதிக்கு மேல், ஏறக்குறைய இரு மடங்கு உப்போடு திரும்புகிறது. அது கனமானது. கலக்காத டம்ளரில் சர்க்கரைப் பாகு போல அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கடற்புல்லும் நண்டும் இருப்பது அங்கேதான். அதனால்தான் பல துளைகள் வழியே வேகமாகப் பீய்ச்சியடித்துக் கலக்க வைக்கிறார்கள். எங்கே எடுக்கிறீர்கள், எங்கே விடுகிறீர்கள்: மீனவர் கேட்பதும் இதே இரண்டு கேள்விதான். திரும்பச் சொல்கிறேன், இந்த இரண்டுதான். பதில் சொல்லாமல் "குடிநீர் வேண்டாமா?" என்று திருப்பிக் கேட்பது பதிலாகாது.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் ஆகும். ஆஸ்திரேலியாவில் 2006இல் ஆலை தொடங்கிய பெர்த் நகரம், அந்த மின்சாரத்துக்கு ஈடாகக் காற்றாலை மின்சாரம் வாங்க ஏற்பாடு செய்துகொண்டது. செலவுக் கணக்கு, கடல் அரிப்பு எல்லாம் இன்னொரு நாள். நன்றி, வணக்கம்.