நுரையும் நூலும்

நண்பர்களே, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், அஸ்டோரியாவில் ‘பொஹீமியன் ஹால்’ என்றொரு கட்டடம் இருக்கிறது. 1892இல் செக் குடியேறிகள் தொடங்கிய பரஸ்பர உதவிச் சங்கம், 1910இல் அதற்கு அடிக்கல் நாட்டியது. 1919இல் பின்புறத்தில் பீர் தோட்டம் திறந்தார்கள். அடுத்த ஜனவரியில் நாடு முழுக்க மதுவிலக்கு! நல்ல முகூர்த்தம்தான். இன்று அங்கே யாரும் போய் உட்கார்ந்து குடிக்கலாம், சாப்பிடலாம். சங்கம் சாப்பாட்டுக் கடை ஆகிவிட்டதே என்று நான் வருந்தமாட்டேன். கட்டடம் இன்னும் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

கதவை வெளியாருக்கும் திறந்தால் சிக்கல் வேறிடத்தில் வரும். உறுப்பினருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. வெளியாள், குவளையில் மூன்று விரல் நுரையைப் பார்த்ததும் அளவில் ஏமாற்றுகிறார்கள் என்பார். செக் முறையில் நுரை என்பது மூடி. அது காற்றைத் தடுத்து பீரின் மணத்தைக் காக்கிறது. குவளையைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். உலர்ந்த குவளையில் குமிழ் பெரிதாகி உடையும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரையே நிற்காது. குழாயைச் சற்றே திறந்து முதலில் நுரை பிடிக்க வேண்டும். பிறகு முழுதாகத் திறந்து, குழாய் முனை நுரைக்குள் மூழ்கியிருக்க, அடியில் பீரை விட வேண்டும். பீர் 7 டிகிரி சுமாரில் இருக்கட்டும். குழாய்களைக் கழுவாமல் விட்டால் புளிப்பு ஏறும். அதற்கு எந்தத் திறமையும் மருந்தாகாது.

அடுத்து, பீரோடு வரும் சாப்பாடு: குழம்பை உறிஞ்சும் ‘க்னெட்லீக்’, அதாவது நீரில் வேகவைத்து வில்லையாக அறுக்கும் செக் மாவுப் பண்டம். கரகரப்பான கோதுமை மாவு 500 கிராம், பால் 250 மில்லி, முட்டை ஒன்று, ஈஸ்ட் (உலர்ந்ததல்ல, ஈரமானது) 20 கிராம், உப்பு, பழைய ரொட்டித் துண்டுகள் இரண்டு கை. நைசு மாவில் செய்தால் பசை போலாகும். மாவு ஒரு மணி நேரம் பொங்கியதும் இரண்டு நீள உருளையாக்கி, இன்னும் கால் மணி விட்டு, கொதிக்கும் உப்பு நீரில் 20 நிமிடம் வேகவிட வேண்டும். பாதியில் ஒருமுறை புரட்ட வேண்டும். எடுத்த கையோடு குச்சியால் குத்திவிடுங்கள். ஆவி உள்ளேயே தங்கினால் அமுங்கிக் களியாகிவிடும். கத்தி வேண்டாம், அது நசுக்கும். உருளைக்கு அடியில் நூலைக் கொடுத்து, இரு முனையையும் மேலே குறுக்காக இழுத்தால் வில்லை வில்லையாக விழும்.