1998 மாருதி 800, 2018 ஸ்விஃப்ட்: எந்தக் காரில் எதை முதலில் பார்ப்பது?

[காட்சி: இரண்டு கார்களும் அருகருகே நிற்கின்றன.]

வணக்கம். இடப்புறம் நிற்பது 1998ஆம் ஆண்டு மாருதி 800. வலப்புறம் நிற்பது அதே நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். பழைய காராக வாங்கும் முன் இவற்றைச் சோதிக்கும் முறைகள் முற்றிலும் வேறானவை.

[காட்சி: 800இன் இன்ஜின்.]

796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர், நான்கு கியர். பழைய 800ஐப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். ஆனால் புகை தள்ளும் இன்ஜினுக்கு பிஸ்டன் ரிங் மாற்றவும், அடைத்துக்கொண்ட கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவும் தெரிந்த மெக்கானிக்குகள் சிறிய ஊர்களிலும் இருக்கிறார்கள். துருதான் பெரிய எதிரி. இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ், அதாவது தனி அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகடும் பக்கச் சட்டங்களுமே அதன் எலும்புக்கூடு என்பதால், அவை அரித்துப்போன பிறகு எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் பயனில்லை. ஆகவே மிதியடிகளைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவின் அடிப்பகுதியில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பூச்சுதான் இருக்கிறது. கடலோர ஊர்களில் ஓடிய வண்டியென்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

இன்னொன்று: காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே செல்லுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கை இழுத்து முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் கார்புரேட்டரின் உண்மை நிலை தெரியும்.

[காட்சி: ஸ்விஃப்டின் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் பொருத்தப்படுகிறது.]

ஸ்விஃப்டில் துருவைவிட விபத்துதான் அதிகம் மறைக்கப்படுகிறது. பானெட்டையும் முன்பக்கத் தகடுகளையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், அவை ஏன் கழற்றப்பட்டன என்று கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க யாரோ அந்த விளக்கைத் துண்டித்திருக்கலாம். காரின் கணினியில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடுகளையும், சர்வீஸ் பதிவிலுள்ள கிலோமீட்டர் கணக்கையும், காப்பீட்டு உரிமைகோரல் விவரத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

குழந்தைகளுடன் நெடுஞ்சாலையில் செல்லும் குடும்பத்துக்கு 800ஐ நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அதில் ஏர்பேக்கும் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. 2018இல் கார்களை மோதவைத்துப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் ஸ்விஃப்டும் இரண்டு நட்சத்திரங்களே பெற்றது என்றாலும், இரண்டு ஏர்பேக்குகளும் ஏபிஎஸ்ஸும் அதன் எல்லா வகைகளிலும் உள்ளன. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கும், தன் கையாலேயே பழுது பார்க்க விரும்புபவருக்கும் 800 இன்றும் நல்ல துணை.

[காட்சி: ஆர்.சி. புத்தகங்கள்.]

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும், அதன்பின் எஃப்.சி. எனும் தகுதிச் சோதனை பார்த்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கணக்கில் இந்த மாருதி 800இன் பதிவு 2013, 2018, 2023 என மூன்று முறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்விஃப்ட் கடனில் வாங்கப்பட்டிருந்தால், வங்கியின் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.