"காணவே இல்லை" என்ற வாக்குமூலம்

(மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஏனைய வாகனச் சாரதிகளுக்கும் மட்டக்களப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, உழைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் சாரதிகளே, தாய்மார்களே, இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீதி விபத்தைப் பற்றிப் பேச வருபவர்கள் இளைஞர்களை ஒரு பாட்டம் திட்டிவிட்டு இறங்கிப் போவது வழக்கம். மூத்தவர்கள் தலையாட்டுவார்கள், திட்டு வாங்கியவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வேலையை நான் இன்று செய்யப்போவதில்லை. மோட்டார் சைக்கிளில் மோதிவிட்ட சாரதி சொல்லும் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன்: "நான் ஆளைக் காணவே இல்லை." இதைக் கேட்டதும், தப்பிக்கப் பொய் சொல்கிறார் என்று கூடிநிற்பவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மை என்பதே என் கருத்து. பொய் என்றால் தண்டித்துத் திருத்தலாம். உண்மை என்றால், நல்ல மனிதர், நிதானமானவர், குடிக்காதவர்கூட நாளைக்கு இன்னொருவரைக் காணாமல் மோதக்கூடும்.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஹரி ஹர்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981 இல் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, மோட்டார் சைக்கிளுக்குரிய வழியில் மற்ற வாகனம் குறுக்கிட்டதால் நிகழ்ந்தவை என்று அது கூறுகிறது. அங்கே வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுவதால் இடப்புறம் திரும்பும் கார் எதிரே வருபவரை மறிக்கிறது. இடப்பக்கமாக ஓடும் நமக்கு அதுவே வலப்புறத் திருப்பம். அந்நாட்டில் மே மாதத்தை மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடித்து, கார் ஓட்டுபவர்களையும் நோக்கிப் பிரசாரம் செய்கிறார்கள். இங்கே அறிவுரை முழுவதும் தலைக்கவசம் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் மட்டுமே சொல்லப்படுகிறது.

ஏன் காண முடிவதில்லை? நாம் சந்தியில் தலையைத் திருப்பும்போது கண் ஒரே சீராக நகர்வதில்லை. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவுகிறது. தாவுகின்ற அந்தக் கணத்தில் மூளை எதையும் பதிவதில்லை. விடுபட்ட இடத்தைத் தானே நிரப்பி, வீதி வெறுமையாக இருக்கிறது என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. பஸ் அந்த இடைவெளிக்குள் மறையாது, மோட்டார் சைக்கிள் மறைந்துவிடும். அதோடு, நேர் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் இடமோ வலமோ அசைவதில்லை. இருந்த இடத்திலேயே மெல்லப் பெருத்து, கடைசி ஓரிரு செக்கனில்தான் திடீரென்று பெரிதாகிறது. சிறிய உருவத்தைத் தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் மதிப்பிடுவதும் மனிதக் கண்ணின் இயல்பு. போதாததற்குக் காரின் முன்கண்ணாடிக்கு இருபுறமும் நிற்கும் தூண், ஒரு மோட்டார் சைக்கிளையும் அதிலிருப்பவரையும் முழுதாக மறைத்துவிடப் போதுமான அகலம் உடையது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றரைக் கடக்கிறார் என்பதை இவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே சாரதிகளிடம் நான் கேட்பது இரண்டாவது பார்வை. வலம் பார்த்து, இடம் பார்த்து, மீண்டும் வலம் பார்க்கும்போது, கண்ணை ஓடவிடாமல் ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். தூணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிய இருக்கையில் உடம்பைச் சற்று முன்னும் பின்னும் அசையுங்கள். காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்சை மரங்கள் நிற்கும் நடுத்திட்டின் இடைவெளிகளில் திரும்புகிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் அங்கே மரமும் மறைக்கிறது, தூணும் மறைக்கிறது. வீதியோரத்தில் நிறுத்திவிட்டு இறங்குபவர்கள் வலக்கையால் கதவைத் தள்ளாமல் இடக்கையால் திறந்தால் உடம்பு தானாகவே திரும்பிப் பின்னால் வருபவரைப் பார்த்துவிடும். ஓட்டோ ஓட்டும் தம்பிமாரே, எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கை காட்டினால் அந்த 100 ரூபாயோ 200 ரூபாயோ ஓடிவிடாது. கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். இத்தனைக்கும் இந்த அரங்கில் இருக்கும் பஸ், லொறி, ஓட்டோச் சாரதிகளில் பெரும்பாலானோரின் வீட்டு முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதில் மகனோ மகளோ ரியூசனுக்குப் போகிறார்கள்.

இனி மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு. உங்களைக் காணாதவர் மீது வழக்குப் போடலாம், வெல்லவும் செய்யலாம், ஆனால் கால் உங்களுடையது. பகலிலும் முன்விளக்கை எரியவிடுங்கள். மலேசியா 1992 இல் இதைச் சட்டமாக்கியது. எதிரே திரும்பக் காத்து நிற்கும் காரைக் கண்டால் சாரதியின் முகத்தைப் பார்க்காதீர்கள். உங்களைப் பார்த்துக்கொண்டே காணாமல் இருக்க அவரால் முடியும். அவருடைய முன் சில்லைப் பாருங்கள், கார் அசைவதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். பஸ்ஸின் இடப்பக்கப் பின் மூலையில் ஒட்டிக்கொண்டு ஓடாதீர்கள். தரிப்பிடம் கண்டால் அது உங்கள் பக்கம்தான் சாயும்.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல், ஏனென்றால் இதில் நம்மிடையே நெடுங்காலமாக ஒரு பிழையான பாடம் இருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று அப்பா மகனுக்கும் அண்ணன் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்து, கடைசியில் காலால் மட்டும் மிதிக்கப் பழகியிருக்கிறோம். வண்டி நிற்கத் தொடங்கும்போது பாரம் முழுவதும் முன்னுக்கு வருகிறது. பின் சில்லு இலேசாகி, அழுத்தி மிதித்தால் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. நிறுத்தும் வலுவின் பெரும்பங்கு முன் சில்லிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைத் திடீரென்று பறிக்காமல் படிப்படியாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். வாகனம் இல்லாத ஒரு மைதானத்தில் பழகினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். மணல் படிந்த இடத்திலும் திருப்பத்தின் நடுவிலும் மட்டும் முன் பிரேக்கில் கவனமாக இருங்கள்.

நம் மாவட்டத்தின் வீதிக்கென்று சில ஆபத்துகள் உண்டு. கொழும்பில் அச்சிடும் துண்டுப்பிரசுரங்களில் அவை வருவதில்லை. வேளாண்மை வெட்டும் காலத்தில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கத்திலும், அம்பாறை மாவட்டத்தின் வயற்பகுதிகளிலும் தார் வீதியின் பாதியில் நெல் காயப்போடுகிறோம். களம் இல்லாதவன் வேறு எங்கே போடுவான் என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் காய்ந்த நெல்மணி டயருக்கடியில் உருளும். அதைவிட மோசம், நெல்லுக்கு எல்லையாக வைத்த கற்களும் கட்டைகளும்: நெல்லைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போகிறவர் கல்லை விட்டுவிட்டுப் போகிறார், அன்றிரவு அந்த வழியாக வருகிறவருக்கு அது தெரிவதில்லை. பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் இன்னொன்று. பின்விளக்கு இருக்காது, இருந்தாலும் வைக்கோல் தொங்கி அதை மூடியிருக்கும். கடையில் விற்கும் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டியை இரண்டு துண்டு வெட்டிப் பெட்டியின் இரு மூலைகளிலும் ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு வேளைத் தேநீர்ச் செலவை அதிகம் தாண்டாது. வயற்சொந்தக்காரரான போடியார்மாரும் இயந்திரச் சொந்தக்காரரும் இதைச் செய்ய வேண்டும். கூலிக்கு ஓட்டுகிற பொடியன் செய்யமாட்டான்.

கட்டாக்காலி மாடுகளைப் பற்றி நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. பகலெல்லாம் சூடேறிய தாரில் இரவில் படுத்துக்கிடக்கும் கறுப்பு மாட்டுக்கு விளக்கொளியில் கண் மட்டும்தான் மின்னும், அதுவும் நம் பக்கம் திரும்பினால். அப்படியான வீதியில் இரவு 40 ஐத் தாண்டாமல் ஓடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டம் கட்டடப் பகுதிக்கு வெளியே 70 வரை அனுமதிக்கிறது என்றாலும், உங்கள் முன்விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ அவ்வளவு தூரத்துக்குள் நிற்க முடிந்த வேகம்தான் உங்கள் வேகம். 60 இல் ஓடி ஒரு சுவரில் மோதுவது ஏறத்தாழ 14 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமன். நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கவசத்துக்கு வருகிறேன். ஒழுங்காக அணிந்த தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒழுங்காக என்பதுதான் இங்கே நமக்குச் சிக்கல். பொலிஸ் நிற்கும் சந்திக்கு முன்னால் கைபிடியிலிருந்து கழற்றித் தலையில் கவிழ்ப்பதும், நாடிப்பட்டியைப் பூட்டாமல் தொங்கவிடுவதும் அபராதத்திலிருந்து காக்கும். விழும்போது தலை ஒரு பக்கமும் கவசம் ஒரு பக்கமும் போகும். பட்டியைப் பூட்டிவிட்டு, பின்புறத்தைப் பிடித்து முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. உள்ளே இருக்கும் ரெஜிபோம் என்ற நுரைப்பொருள் ஒரு முறை நசுங்குவதற்காகவே வைக்கப்பட்டது. அது நசுங்கும்போதுதான் அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு விபத்தில் அடிபட்ட கவசம் வெளியே கீறல்கூட இல்லாமல் பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. இலங்கைத் தரச்சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து வாங்குங்கள், பெற்றோல் ஊற்றித் துடைக்காதீர்கள்.

பின்னால் இருப்பவருக்கும் இதே சட்டம், இதே தலை. அப்பா போட்டிருக்கிறார், அம்மா போட்டிருக்கிறார், இடையில் இருக்கும் பிள்ளையின் தலை மட்டும் வெறுமையாக இருக்கிறது என்ற காட்சியைக் காலை ஏழரை மணிக்கு எந்தப் பாடசாலை வாசலிலும் காணலாம். பெற்றோல் தாங்கியின் மேல் இருத்தப்பட்ட பிள்ளைக்கு மோதலில் முன்னே இருப்பது கைபிடியின் இரும்பு. அக்காமாரே, சேலைத் தலைப்பையும் சால்வையையும் அபாயாவின் ஓரத்தையும் அள்ளி மடியில் வைத்துக்கொண்ட பிறகே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். சங்கிலியோ சில்லோ ஒரு நுனியைப் பிடித்தால் ஓட்டுபவருக்குத் தெரியுமுன் நீங்கள் வீதியில் கிடப்பீர்கள்.

விபத்தைக் கண்டால் என்ன செய்வது என்பதோடு முடிக்கிறேன். முதலில் பின்னால் வரும் வாகனங்களை மறித்து நிறுத்த ஒருவரை அனுப்புங்கள். 1990 ஐ அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவுவண்டி இலவசமாக வரும். இடத்தைச் சொல்லும்போது ஊர்ப் பெயரோடு அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல், பாலம் ஏதாவதொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சுத் திணறாதவரின் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே அவரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் போட்டுவிடும். நாலு பேர் கையிலும் காலிலும் தூக்கி ஓட்டோவுக்குள் மடித்துப் போடுவதையும் தயவுசெய்து விடுங்கள். இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டி வரும்வரை தலையையும் கழுத்தையும் அசையவிடாமல் ஒருவர் இரு கைகளாலும் தாங்கியிருக்க வேண்டும்.