மாடிப்படிக்கு ஒரு பதில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணிக்கும் வணக்கம், அவர்களுக்கு நான் தரப்போகும் ஒரே மரியாதை அதுதான்.

ஜாஸில் மனோதர்மமாக வாசிக்கக் கைகொடுப்பது ஸ்கேல் என்கிற சுரவரிசைப் பயிற்சியா, கேட்டுப் பழகும் காதா? நான் ஸ்கேல் கட்சி. எதிரணி நண்பர், "ஸ்கேல் படித்தவன் வாசிப்பது இசையா? மாடிப்படி ஏறி இறங்குவது!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

சரி, மாடிப்படிக்கே வருவோம். பியானோவில் டி தொடங்கி அடுத்த டி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் அழுத்துங்கள். அது டோரியன் மோட் என்ற சுரவரிசை. 1959இல் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் 'சோ வாட்' என்ற பாட்டை வாசித்தாரே, அதில் 16 பார், அதாவது 16 தாளக் கட்டம் முழுக்க இந்த டோரியன்தான். அப்புறம்? அரைப்படி ஏறி ஈ ஃபிளாட் டோரியனில் 8 பார். மறுபடி இறங்கி 8 பார். ஐயா, அவரும் ஏறி இறங்கியவர்தான்! அதுவும் அரைப்படி!

இன்னொருவர் கதை கேளுங்கள். 1936, கான்சாஸ் சிட்டி. மீசை அரும்பும் வயதில், பின்னாளில் ஜாஸ் மேதையான சார்லி பார்க்கர் சாக்ஸபோனோடு மேடையேறுகிறார். பெரிய பெரிய கைகள் வாசிக்கிற மேடை. பையன் நடுவில் வழி தவறிவிட்டான். டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ். வாயைத் திறக்கவில்லை. சிம்பல் என்கிற உலோகத் தட்டைக் கழற்றினார், வீசினார். தலையில் இல்லை, காலடியில். ணங்ங்ங்! நடுவர் அவர்களே, உங்கள் மணி இவ்வளவு சத்தமாக ஒருநாளும் அடித்ததில்லை. கூட்டம் சிரித்தது. இன்னொரு முறை சொல்லட்டுமா? ணங்ங்ங்!

பையன் வீட்டுக்குப் போய் என்ன செய்தான்? 1954இல் ஒரு வானொலிப் பேட்டியில் அவரே சொன்னார்: மூன்று நான்கு வருடம், நாளுக்கு 11 முதல் 15 மணி நேரப் பயிற்சி. 'சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டைக் கேட்டும் பழகினாரே' என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கும் காது உண்டு.

காது என்றதும் என் அம்மா நினைவு. ஜாஸ் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. தினமும் நான் சி மேஜர் ஸ்கேல் வாசிப்பேன். ஒருநாள் ஏழாவது சுரத்தில் நிறுத்திவிட்டேன். அடுத்த அறையிலிருந்து குரல்: "டேய், இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே!"

அம்மா போய்விட்டார். இப்போதும் சில நாள் அந்த ஏழாவது சுரமான பியில் நிறுத்திவிட்டு, அந்த அறைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மணி அடியுங்கள் நடுவரே, மேற்கொண்டு பேச முடியவில்லை.