கேவியர்: இனமும் குளிரும்

நேயர்களுக்கு வணக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து தோல் வணிகத்துக்காக ஐரோப்பா சென்று திரும்புவோரின் பெட்டியில், சாக்லேட்டோடு ஒரு கேவியர் டப்பாவும் வந்து சேர்வதுண்டு. அதை என்ன செய்வது என்று விழிக்கும் வீடுகளுக்காகவே இவ்வுரை.

ஸ்டர்ஜன் என்னும் மீனின் உப்பிட்ட சினையே கேவியர். அணைகளாலும் வரம்பற்ற மீன்பிடியாலும் காஸ்பியன் கடலில் இம்மீன் அருகிவிட்டதால், 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் இனங்களின் பன்னாட்டு வணிகமும், அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இன்று கடைக்கு வருவது பெரும்பாலும் பண்ணை மீனின் சினைதான். உற்பத்தியில் சீனா முன்னணியில் உள்ளது.

விலை ஏறி இறங்குவதற்கு, மீன் சினைபிடிக்க எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு பெருங்காரணம். சைபீரிய ஸ்டர்ஜனுக்குச் சுமார் 7 ஆண்டுகள் போதும். ஒசெத்ரா என்னும் கேவியர் வகையைத் தரும் ரஷ்ய ஸ்டர்ஜனுக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகளும், பெலுகா என்னும் ஸ்டர்ஜன் இனத்துக்கு 15 ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். பெலுகாவின் முட்டை பெரிது, தோல் மெல்லியது. ஆகவே எளிதில் நசுங்கும். விலைக்குத் தக்க சுவை என்பது என் அனுபவத்தில் பொய். முதன்முறை உண்போருக்கு ஒசெத்ராவே போதும். எந்த இனம் என்பதை டப்பாவின் முகப்புப் பெயரைவிட, அதில் ஒட்டியிருக்கும் சைட்டீஸ் சீட்டின் மூன்றெழுத்துக் குறியீடே சரியாகச் சொல்லும்; அதையடுத்து வரும் 'சி' (C) என்னும் எழுத்து, பண்ணையில் பிறந்து வளர்ந்த மீன் என்பதற்கு அடையாளம்.

இனி, பாதுகாப்பு. 'மலோசோல்' எனப்படும் நல்ல கேவியரில் உப்பு 3 முதல் 5 விழுக்காடு மட்டுமே. கெடாமல் காப்பதில் பெரும்பங்கு குளிருடையது. உப்பு இருப்பதால் அது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயும் உறைவதில்லை. ஆகவே அதற்கு ஏற்ற வெப்பநிலை மைனஸ் 2 முதல் பிளஸ் 2 டிகிரி வரை. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியோ 4, 5 டிகிரியில் இருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயிலும் மின்வெட்டும் சேர்ந்துகொண்டால் அதுவும் நிச்சயமில்லை. எனவே கீழ்த்தட்டின் பின்பக்கத்தில், ஒரு பாத்திரம் நிறைய ஐஸ் இட்டு, அதனுள் டப்பாவைப் புதைத்து, உருக உருக ஐஸை மாற்றிவர வேண்டும். கதவுத் தட்டு ஆகவே ஆகாது. ஃப்ரீசரும் கூடாது: உள்ளிருக்கும் நீர் படிகமாகி மென்தோலைக் கிழித்துவிடுவதால், உருகியபின் முட்டைகள் குழைந்து கூழாகிவிடும்.

திறந்த டப்பாவை இரண்டு, மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். காற்றுப் பட்டால் அதன் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடித்துவிடும். மீதியை மேற்பரப்பில் ஒட்டினாற்போல் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். வெள்ளிக் கரண்டி உலோகச் சுவையை ஏற்றும். சிப்பிக் கரண்டி இல்லையென்றால் பிளாஸ்டிக் கரண்டியே போதும்.

மிதமாகச் சூடுபடுத்திக் கண்ணாடிக் குப்பியில் அடைத்த கேவியரும் கிடைக்கிறது. முட்டை சற்று விறைத்திருக்கும் என்று சுவைஞர்கள் அதை இகழ்வார்கள். ஆனால் மாதக்கணக்கில் தாங்கும் அக்குப்பியையே, சென்னை விமான நிலையத்திலிருந்து கோடையில் காரில் வேலூர் வருவோருக்கு நான் பரிந்துரைப்பேன்.